தாக்கலாகாத வழக்கின் வாய்தாக்கள்

என் மகளின் விவாகரத்து வழக்கு திருவனந்தபுரம் குடும்ப நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கிறது என்று ஏறத்தாழ இரண்டு வருடம் அவளிடம் சொல்லிவந்தேன். அப்படி ஒரு வழக்கே இல்லை. என்னை நம்பி அவள் அனுப்பிய அதிகாரப் பத்திரம் என் அலமாரியில் வேட்டிகளுக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நான் கோர்ட்டுக்குப் போகும் வழியில் இருக்கும் கிள்ளிப்பாலத்தைக்கூடத் தாண்டவில்லை.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. தலைமைச் செயலகத்தின் சட்டத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் கரமனைத் தெருவில் பட்டா, உயில், பாகப்பிரிவினை என்று எது வந்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள். மகளும் அப்படித்தான் கேட்டாள்.

மாப்பிள்ளை நெதர்லாந்துக்காரர். மகள் நீரியல் படிக்க அங்கே போனபோது பழக்கமானவர். திருமணத்தை இங்கேதான் வைத்தோம், சிறப்புத் திருமணச் சட்டப்படி. பதிவு அலுவலகத்தின் பலகையில் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டியிருந்தது. தெருவில் பாதிப் பேர் வேலை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் அதை வாசித்துவிட்டு வந்தார்கள். நான் அசையவில்லை. பிறகு எங்கள் பிராமண சமூக மடத்தின் ஆண்டுக் கூட்டத்தில், காலம் மாறுகிறது, நாமும் மாற வேண்டும் என்று பேசிக் கைத்தட்டல்கூட வாங்கினேன். அந்தக் கைத்தட்டல் எனக்குப் பிடித்திருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும்.

அதைவிட மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. வரும்போதெல்லாம் அந்த நீண்ட கால்களை மடக்க முடியாமல் மடக்கி இலைக்கு முன்னால் உட்காருவார். என் மனைவி பாயசப் பாத்திரத்தோடு நெருங்கும்போது இலைக்கு மேல் இரண்டு கையையும் விரித்து, போதும் என்பதை மலையாளத்தில், "மதி, மதி" என்று கெஞ்சுவார். என்னை அப்பா என்று அழைப்பார். ஊர் திரும்பிய பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் தொலைபேசியை முன்னால் சாய்த்துவைத்துச் சதுரங்கம் ஆடுவோம். அவருக்கு ஒரு பலகை, எனக்கு ஒரு பலகை. எனக்கு ஒரே பெண். மகன் இல்லாத குறையை நான் அதற்கு முன் உணர்ந்ததில்லை. அவர் வந்து தீர்த்த பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது.

ஒரு நாள் மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, நாங்க ரெண்டு பேரும் பிரியறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம்."

"அடிச்சானா?"

"சீ, இல்லை."

"குடியா? இல்லே வேற யாராவது..."

"அதெல்லாம் இல்லேப்பா."

"பின்னே என்னாக்கும் காரணம்?"

"ஒரே ஆத்துல இருக்கோம். ஒருத்தருக்கொருத்தர் சொல்றதுக்கு ஒரு வார்த்தை கிடையாது. ரொம்ப வருஷமா இப்படித்தான். இது காரணம் ஆகாதா?"

எனக்கு அது காரணமாகத் தோன்றவில்லை. என் தலைமுறையில் அதற்குப் பெயரே குடும்பம். அதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டேன்.

அங்கேயே ஒரு வக்கீலை வைத்து இருவரும் சேர்ந்து மனுப் போட்டால் சில மாதங்களில் முடிந்துவிடும் என்றாள். இருவருக்கும் சம்மதம், சண்டை எதுவும் இல்லை. கல்யாணம் இங்கே பதிவானதால் அது இங்கே செல்லுமா என்பதுதான் அவளுடைய ஒரே கேள்வி.

உண்மையான பதில் எனக்குத் தெரியும். வெளிநாட்டுத் தீர்ப்பு எல்லாமே இங்கே அப்படியே செல்லாது. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வாங்கியது, நம் சட்டம் ஏற்காத காரணத்துக்காக வாங்கியது போன்றவற்றை நம் நீதிமன்றம் தள்ளிவிடலாம். ஆனால் இருவரும் மனமொத்து, இருவரும் அந்த நீதிமன்றத்தின் முன் வந்து வாங்கிய தீர்ப்பைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் அவள் இங்கே ஒரு வக்கீலைக் கேட்டிருக்கலாம். அவள் என்னைக் கேட்டாள்.

"அங்கே வாங்கற தீர்ப்புக்கு இங்கே விலையே கிடையாது" என்றேன். "நாளைக்குப் பாஸ்போர்ட், சொத்து, எல்லாத்துலயும் இடிக்கும். இங்கேயே போடலாம். நீ வர வேண்டாம். எனக்கு ஒரு பவர் எழுதி அனுப்பு, நான் பார்த்துக்கறேன்."

"உங்களுக்குத் தெரியாததா" என்றாள்.

அவள் நமது தூதரகத்துக்குப் போய்க் கையெழுத்திட்டு முத்திரை வாங்கிப் பத்திரத்தை அனுப்பினாள். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இங்கே வந்து சேர்ந்ததும் மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டி முறைப்படுத்த வேண்டும். எத்தனையோ கோப்புகளில் இதை நானே எழுதியிருக்கிறேன். அந்த மூன்று மாதமும் பத்திரம் அலமாரியிலேயே இருந்தது. கொஞ்சம் தள்ளிப்போட்டால் இருவரும் பேசிச் சரியாகிவிடுவார்கள் என்று முதலில் நினைத்தேன். அவள், "ஃபைல் பண்ணியாச்சாப்பா?" என்று கேட்டபோது வாய் தானாக, "ஆச்சாக்கும்" என்றது. அதற்குப் பிறகு நான் நினைப்பதற்கு ஒன்றும் இல்லை. பொய்யைப் பராமரிக்கும் வேலை மட்டும் இருந்தது.

கோர்ட்டைச் சாக்காக வைத்துப் பொய் சொல்ல இந்த ஊர் மிகவும் வசதியானது. ஓணம் விடுமுறை வரும். ஆற்றுகால் பொங்காலைக்கு நகரமே அடுப்பு மூட்டி உட்கார்ந்துவிடும். கோயில் ஆராட்டு ஊர்வலம் விமான ஓடுபாதையைக் கடந்து கடற்கரைக்குப் போகும் நாளில் விமானமே பறக்காது, கோர்ட் எம்மாத்திரம். இடையிடையே ஒரு ஹர்த்தால். இவையெல்லாம் தீர்ந்துபோனால் ஜட்ஜுக்கு மாற்றல், கோர்ட் ஆலோசகருக்குப் பிரசவ விடுப்பு, தேர்தல் வேலை. நான் சொன்ன எதையும் அவள் சந்தேகப்படவில்லை. நம் நீதிமன்றங்கள் தாமதமாகும் என்பதை உலகில் யார்தான் நம்பமாட்டார்கள்?

என் மனைவிக்கு மட்டும் ஏதோ இடித்தது.

"ஏன்னா, வக்கீலாத்துக்கு ஒரு நாள்கூடப் போய்ப் பாக்கலையே நீங்கோ?"

"போன்ல பேசிண்டாச்சு."

"நம்மாத்துப் பிளம்பர்கூட போன்ல பேசினா வர மாட்டேங்கறான். உங்க வக்கீல் போன்லயே கேஸ் நடத்தறானாக்கும். கெட்டிக்காரன்தான்."

நான் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் மாப்பிள்ளையோடு ஆட்டம் தொடர்ந்தது. காய் நகர்த்தும் நடுவில் அவர் சில சமயம், என்ன ஆயிற்று, கையெழுத்து ஏதாவது வேண்டுமா என்று கேட்பார். அவசரமில்லை, அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் சொல்வேன். அவர் முகம் கொஞ்சம் மலரும். அதைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன். ஒருவருக்கு இல்லாத வழக்கையும் மற்றவருக்கு இல்லாத நம்பிக்கையையும் கொடுத்திருந்தேன். இருவரும் பிரிந்து வேறு வேறு ஊர்களில் இருந்தார்கள். ஒருவரையொருவர் வருத்த வேண்டாம் என்று அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அதனால் என் பொய் பிழைத்தது.

ஒரு நாள் மகள் கோபமாகப் பேசினாள். ரெண்டு பேரும் சம்மதிச்ச கேஸுக்கு இத்தனை காலமா என்றாள். அவளைச் சமாதானப்படுத்த, அடுத்த மாதம் உத்தரவு வந்துவிடும் என்று சொல்லி ஒரு தேதியையும் உளறிவைத்தேன்.

"அப்போ நான் வரேன்" என்றாள்.

"நீ எதுக்கு? அதுக்குத்தானே பவர்."

"இல்லேப்பா. கல்யாணத்துக்கு நானே கையெழுத்துப் போட்டேன். இதுக்கும் நானே நிக்கணும். டிக்கெட் போட்டுட்டேன்."

அவள் வந்தாள். வந்த அன்று சொல்லலாம் என்றிருந்தேன். என் மனைவி அவளுக்கு அடை வார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன், அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் சொன்ன அந்தத் தேதியின் காலையும் வந்தது. வெளிர்நீலக் கைத்தறிப் புடவை கட்டிக்கொண்டு, பையில் பாஸ்போர்ட்டைச் சரிபார்த்துக்கொண்டு, வாசலில் ஆட்டோவை நிறுத்திவைத்து என்னைக் கூப்பிட்டாள். நானும் ஏறி உட்கார்ந்தேன்.

கிள்ளிப்பாலம் சிக்னலில் வண்டி நின்றது.

"ஜட்ஜ் இங்கிலீஷ்ல கேப்பாளா, மலையாளத்துலயா?" என்றாள்.

"குழந்தே," என்றேன், "கேஸ் இல்லே."

"இன்னிக்கும் மாத்தி வெச்சாச்சா?"

"கேஸே இல்லே. நான் ஃபைல் பண்ணவே இல்லே. பவர் ஆத்துல இருக்கு."

சிக்னல் மாறியது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "சாரே, கோடதிக்குத் தன்னே அல்லே?" என்று, கோர்ட்டுக்குத்தானே என உறுதிசெய்துகொள்ளக் கேட்டார். மகள் இறங்கி நடைபாதையில் போய் நின்றாள். நானும் இறங்கினேன். ஆட்டோ ஓரமாக ஒதுங்கிக் காத்திருந்தது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"பொங்காலைக்கு லீவுன்னேளே, அதுவும் பொய்யா?"

"லீவு நிஜந்தான்."

அவள் ஒருமுறை சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி ஆட்டோவில் ஏறினாள். "வஞ்சியூர் போகணும் சேட்டா" என்று ஓட்டுநரிடம் சொன்னாள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நான் ஏறிக்கொண்டேன்.

கோர்ட் இருக்கும் வஞ்சியூரில் வக்கீல்களின் பெயர்ப் பலகைகள் வரிசையாக இருக்கும். அதில் பெண் பெயர் கண்ட முதல் பலகைக்குக் கீழே அவள் படியேறினாள். அந்த வக்கீல் தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்; நல்ல தமிழ் பேசினார். மகள் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். வக்கீல் கேட்டார்:

"ரெண்டு பேருக்கும் சம்மதம்னா அங்கேயே சேர்ந்து போட்டிருக்கலாமே? வெளிநாட்டுத் தீர்ப்பு செல்லாதுன்னு உங்ககிட்ட யாரு சொன்னது?"

"எங்கப்பா. லா டிபார்ட்மென்ட்ல இருந்தவர்."

வக்கீல் என்னைப் பார்த்தார். மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து நிதானமாகக் குடித்துவிட்டு, மறுபடி மகள் பக்கமே திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த அறையில் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வழிகளை அவர் மகளுக்கு எடுத்துச் சொன்னார். அங்கேயே இருவரும் சேர்ந்து போடலாம். தீர்ப்பின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் இங்கே பெரும்பாலும் தொல்லை இராது. அல்லது கல்யாணம் நடந்த இந்த ஊரிலேயே சேர்ந்து போடலாம். ஒரு வருடத்துக்கு மேல் பிரிந்து இருந்தாகிவிட்டது, அது போதும். மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். இவ்வளவு காலம் பிரிந்திருந்ததைக் காட்டி அதைக் குறைக்கக் கேட்டுப் பார்க்கலாம். நேரில் வர முடியாவிட்டால் வீடியோவில் ஆஜராக அனுமதி கேட்கலாம்.

"யாருக்காவது பவர் கொடுக்கிறதா இருந்தா..." என்று தொடங்கினார்.

"வேண்டாம்" என்றாள் மகள்.

அவள் இங்கேயே போடுவதென்று முடிவு செய்தாள். வந்தது வந்தாயிற்று, இந்தப் பயணம் வீணாக வேண்டாம் என்றாள். தன் கையெழுத்தை அன்றே போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு நகரின் பட்டம் பகுதியில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது வாசலில் நின்று சொன்னதுதான் என்னை உண்மையில் வீழ்த்தியது. நெதர்லாந்தில் கணவன் மனைவி சொத்தும் கடனும் பொதுவாம். விவாகரத்து ஆகாததால், தனியாகத் தனக்கென்று ஒரு சின்ன வீடு வாங்க அவளுக்கு வங்கி கடன் தரவில்லை. மனதுக்குப் பிடித்த வீடொன்று, பெரிய ஜன்னலும் அதற்குக் கீழே கால்வாயும் உள்ளது, கைநழுவிப் போயிற்று. இரண்டு வருடமாக இன்னொருவர் வீட்டில் ஓர் அறையில் இருந்திருக்கிறாள்.

"உங்ககிட்ட சொல்லலை. கேஸுக்கு நாயா அலையறேளே, மேலும் கஷ்டப்படுத்துவானேன்னு" என்றாள்.

என் மனைவி அன்று என்னைத் திட்டவில்லை. எனக்குப் பிடிக்காத உப்புமாவைக் கிண்டி முன்னால் வைத்துவிட்டு, "போன்ல சாப்பிடுங்கோ" என்றாள்.

என்னால் திருப்பிக் கொடுக்கக்கூடியது எது என்று யோசித்தேன். காலத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. முதலில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். சதுரங்கப் பலகையை எடுத்து வைக்கவில்லை. அவள் யோசிக்கவே இல்லை, நான்தான் கதை சொன்னேன் என்று ஆங்கிலத்தில், ஒரு வாக்கியத்தையும் அலங்கரிக்காமல் சொன்னேன். அவர், "நான் காத்திருந்தேன் அப்பா" என்றார். பிறகு, வேண்டிய கையெழுத்துகளை உடனே போட்டு அனுப்புகிறேன் என்றார். சொன்னபடி அனுப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதற்குப் பிறகும் அவர் ஆட்டத்துக்கு வரவில்லை. என்னை அப்பா என்று அழைத்தது அதுவே கடைசி. அவர் செய்தது சரிதான்.

மகள் ஊர் திரும்பும் முன் எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். "எனக்காக நீங்கோ பேச வேண்டாம், கையெழுத்தும் போட வேண்டாம். ஓடறதுக்கு ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். ஒவ்வொண்ணுக்கும் போட்டோ எடுத்து அனுப்பணும். வாய் வார்த்தை எனக்கு வேண்டாம்."

ஓடினேன். திருமணச் சான்றிதழின் நகலுக்காகப் பதிவு அலுவலகத்தில் வரிசையில் நின்று, வாங்கியதும் படம் எடுத்து அனுப்பினேன். மாப்பிள்ளை அனுப்பிய காகிதங்கள் வந்த உறையைப் படம் எடுத்தேன். மனுவுக்கு எண் கிடைத்தபோது அந்த எண்ணை. வக்கீல் கோர்ட்டுக்குப் போனதைச் சொல்ல வேண்டுமென்றால், கறுப்புக் கோட்டோடு அவர் படியில் நிற்பதை. "சாரே, என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை போட்டோ எடுக்கலை" என்று வக்கீல் சிரிப்பார். படத்துக்கு மகளிடமிருந்து பதில் வராது. இரண்டு நீலக் குறிகள் வரும். அவள் பார்த்துவிட்டாள் என்று எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

சமூக மடத்திலும் சொன்னேன். கூட்டத்தில் மேடை ஏறவில்லை. நவராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, அன்று கைத்தட்டியவர்களில் நாலைந்து பேர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த இடத்தில் சொன்னேன். ஒருவர் எழுந்து போய்விட்டார். இன்னொருவர், தன் பெண் வெளிநாட்டில் இதே போன்ற நிலையில் இருப்பதாகவும் நான் அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். வஞ்சியூர் வக்கீலின் எண்ணை எழுதிக்கொடுத்து, "பொண்ணையே நேராப் பேசச் சொல்லும் ஓய். நடுவுல நீரும் வேண்டாம், நானும் வேண்டாம்" என்றேன். பேசினாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

நீதிமன்றம் காத்திருப்புக் காலத்தைக் குறைத்தது. கடைசி விசாரணை நாளில் நான் வராந்தாவில் நின்றேன். திறந்த கதவு வழியாகத் திரை தெரிந்தது. ஒரு கட்டத்தில் மகள், பக்கத்துக் கட்டத்தில் மாப்பிள்ளை. நீதிபதி மகளிடம் மலையாளத்தில், இது உன் சொந்த விருப்பம்தானா, யாராவது நிர்ப்பந்தித்தார்களா என்று கேட்டார். "என் சொந்த விருப்பம்" என்றாள். மாப்பிள்ளையிடம் ஆங்கிலத்தில் அதையே கேட்டார். அவரும் ஆம் என்றார். திரையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். அதில் பகை இல்லை. அவர்களுக்குள் நான் நினைத்ததைவிட நல்ல மரியாதை இருந்தது. அதை நான் நம்பியிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள்.

"முடிஞ்சுது" என்றேன்.

"போட்டோ?"

"கோர்ட்டுக்குள்ள எடுக்கப்படாதே..." என்று தடுமாறினேன்.

"அச்சோ, தெரியும்பா. நானேதானே அதுல இருந்தேன்" என்று சிரித்தாள். கிள்ளிப்பாலத்துச் சிரிப்பு இல்லை, வேறு. என் மனைவி தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு அவள் ஒரு வீடு வாங்கினாள். ஜன்னல் சற்றுச் சிறியதுதான், கால்வாய்க்குக் கழுத்தை நீட்டிப் பார்க்க வேண்டுமாம். சென்ற முறை வந்தபோது தோழி வீட்டுக்குப் போகாமல் இங்கேயே தங்கினாள். பெட்டியை அவள் முழுவதுமாகப் பிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். பிரிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

போட்டோ பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. மாத்திரை போட்டேன் என்றால் காலி உறையைக் காட்டுவேன். நடந்தேன் என்றால் கரமனைப் பாலத்திலிருந்து ஆற்றை. அவளும் வாய்விட்டுக் கேட்பாள், பாதி விளையாட்டாக, பாதி அப்படியல்லாமல்.

போன வாரம் கூப்பிட்டாள். பேச்சுவாக்கில், இங்கே மழை வந்தாயிற்று என்றேன். சொன்னதும் எழுந்து, தொலைபேசியைக் கொல்லைப்புறம் பார்க்கத் திருப்பிப் பிடித்தேன்.

"மழையா?" என்றாள். அவள் திரையைப் பார்க்கவில்லை. தன் அடுப்படியில் எதையோ நறுக்கிக்கொண்டிருந்தாள். "கொடியில துணி கெடக்கப்போறது, அம்மாகிட்ட சொல்லுங்கோ."

அவளுடைய அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். தொலைபேசியை அணைக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுத் துணி எடுக்க நானே போனேன்.